புகைக்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு சந்து

"டி.வி.யில சத்தம் பின்னாடி வருதுப்பா" என்றாள் என் மகள். பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து புருஷனோடு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, சோபாவில் உட்கார்ந்த கையோடு இதைச் சொன்னாள்.

"எந்த டி.வி.யில?"

"இதோ, இதுலதான். அந்தம்மா வாயை மூடிட்டாங்க, பேச்சு இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. எப்படிப்பா இத்தனை நாளா இதைப் பார்க்கிறீங்க?"

செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணின் வாயும் பேச்சும் ஒன்றாகத்தான் இருந்தன. "வந்ததும் வராததுமா உனக்கு ஒரு குறை கண்டுபிடிச்சாகணும்" என்று மகள்மேல் எரிந்து விழுந்தேன். மருமகன் எழுந்து டி.வி.க்கு அருகில் போனார். போன தீபாவளிக்கு அவர் வாங்கித் தந்த நீட்டு ஸ்பீக்கர் கீழே இருந்தது. ஒயர் இல்லாமல் ஓடுவது. "இதுல சத்தம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும் மாமா, செட்டிங்ல சரி பண்ணணும்" என்று ரிமோட்டை எடுத்து என்னென்னவோ அமுக்கினார்.

"இப்ப சரியா இருக்கா மாமா?"

"ஆங், இப்ப சரி" என்றாள் மகள். "இப்ப சரி" என்று நானும் சொன்னேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முன்னேயும் சரியாக இருந்தது, இப்போதும் சரியாகவே இருந்தது. மதியம் மீன் குழம்பை ஊற்றும்போது என் மனைவி, "என்னா, முகம் சுண்டிப்போச்சு?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். சாப்பிட்டு எழுந்ததும் பயந்துகொண்டே மறுபடி டி.வி.யைப் போட்டு, அந்தம்மா வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு டி.வி.க்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். நான் யார் என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். நான் பி.டி. வாத்தியார். ரிட்டையர் ஆகிச் சில வருஷம் ஆகிறது. ஆனாலும் வருஷா வருஷம் உப்பளம் மைதானத்தில் நடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத் தேர்வுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். கழுத்தில் ஸ்டாப் வாட்சை மாட்டிக்கொண்டு முடிவுக்கோட்டில் நிற்பேன். நேரம் எடுப்பது என் வேலை. புதுச்சேரியில் ஓடிய பிள்ளைகளில் பாதிப் பேருடைய வேகம் என் கட்டைவிரலின் கீழேதான் பிறந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

நேரம் எடுப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான் இருக்கிறது. நான் பள்ளியில் படித்த காலத்தில் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். "ஆ வோ மார்க்!" என்று, கோட்டில் வந்து நில்லுங்கள் என்பதைப் பிரெஞ்சில் கத்திவிட்டுக் கைத்துப்பாக்கியை மேலே தூக்குவார். சுட்டதும் குழல் நுனியில் குபுக்கென்று ஒரு புகை வரும். நூறு மீட்டர் தள்ளி முடிவுக்கோட்டில் நிற்கிறவருக்கு முதலில் அந்தப் புகைதான் தெரியும். அதற்குப் பிறகுதான் 'டப்' வந்து சேரும். வாட்சை அமுக்க வேண்டியது புகைக்கு. சத்தம் வரட்டும் என்று இருந்தால் கெட்டது குடி. பிள்ளைகள் ஓட ஆரம்பித்த பிறகு வாட்ச் ஓட ஆரம்பிக்கும், நேரம் குறைவாகக் காட்டும். பிள்ளை ஓடாத வேகத்தை ஓடியதாக நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம்.

இப்போது துப்பாக்கி கிடையாது. கீல் வைத்த இரண்டு மரப்பலகை. கிளாப்பர் என்பார்கள். தலைக்கு மேலே தூக்கி, விரித்து, பட்டென்று மூடுவார்கள். ஆனால் எங்கள் வாயில் அது இன்னும் புகைதான். "புகையைப் பாரு", "புகையை விட்டுட்டியா?" என்றுதான் பேசுவோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முடிவுக்கோட்டிலிருந்து மைக்கில் "புகை தெரிஞ்சுது" என்று ஸ்டார்ட்டருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் நேரம் விழுந்தது என்று அர்த்தம். ஒரு வருஷம் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர், புகையைப் பார் என்று நான் சொன்னதை அப்படியே நம்பி, எங்கிருந்தோ புகை கிளம்பும் என்று காத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் அவரைத் தாண்டி ஓடிப் போய்விட்டார்கள். "சார், புகையே வரலியே சார்" என்றார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் மைதானத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பேச்சு இதுதான். "பலகை மூடறது ஒண்ணு, சத்தம் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். சின்னச் சந்துதான். அது உன் கண்ணுக்கும் காதுக்கும் தெரியணும். தெரியலன்னா இங்க நிக்காதே, போய் தண்ணி கேன்கிட்ட நில்லு." எத்தனை பேரைத் தண்ணீர் கேனுக்கு அனுப்பியிருக்கிறேன்! அந்தப் பேச்சு இப்போது என்னைப் பார்த்தே விரலை நீட்டியது. டி.வி.யில் வாய்க்கும் பேச்சுக்கும் நடுவே என் மகளுக்கு ஒரு சந்து தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. போன வருஷத்துப் பெண் ஒருத்தி நினைவில் வந்து நின்றாள்.

மில் மூடின பிறகு ஆட்டோ ஓட்டுகிற ஒருவருடைய பெண். குச்சிக் கால். நூறு மீட்டரில் ஒரே நேரத்தில் எல்லாரையும் ஓடவிட முடியாது என்பதால் பிரித்துப் பிரித்து ஓடவிட்டு, வாட்சில் யாருக்கு நேரம் குறைவோ அவர்களை வெளியூர்ப் போட்டிக்கு எடுப்போம். அவள் ஒரு கூட்டத்தில் முதலாவதாக வந்தாள். அடுத்த கூட்டத்தில் நாலாவது தடத்தில் ஓடிய வேறொருத்தியும் முதலாவதாக வந்தாள். இரண்டு பேருக்கும் மயிரிழை வித்தியாசம். நாலாவது தடத்துக்காரிக்குத்தான் இடம் கிடைத்தது. நாலாவது தடத்தில் வாட்சோடு நின்றது நான். இந்தக் குச்சிக் கால்காரி ஷூ லேசை முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, வாய்க்கால் சுவரில் உட்கார்ந்து அழுதாள். "அழாதே, அடுத்த வருஷம் ஓடு" என்று அதட்டினேன். அதட்டத்தான் எனக்குத் தெரியும்.

என் கட்டைவிரல் சத்தத்துக்குத்தான் அமுக்கியது என்றால்? அந்த மயிரிழை என் விரலால் வந்தது என்றால்? அவள் நிஜத்தில் ஜெயித்தவள் என்றால்? சேசு மரி சூசை, எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம்தான் அவள் வயசுப் பிரிவில் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. தேர்வும் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

மகளும் மருமகனும் ஊருக்குப் போன பிறகு எனக்கு இதே வேலையாகிவிட்டது. எதிர் வீட்டில் மாடி கட்டுகிறார்கள். அங்கே சுத்தியலால் கான்கிரீட்டை உடைக்கிற ஆளையே பால்கனியில் நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னா சார், கான்ட்ராக்டர் அனுப்பினாரா?" என்று கேட்டுவிட்டான். சாயங்காலம் பெத்தாங்க் என்கிற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடுகிற பெரியவர்களை மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்ப்பேன். இரும்புக் குண்டும் குண்டும் மோதும்போதே 'டிங்' என்று கேட்டது. மோதலும் சத்தமும் ஒட்டிப் பிறந்த மாதிரி. முன்பும் இப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் இப்படி ஆனதா? அதுகூட எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பயத்திலேயே மோசமான பயம் இதுதான் என்று நினைக்கிறேன். நம்மையே நாம் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

கடைசியில் மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அவளே வாயைப் பிடுங்கியிருப்பாள். "சரி, பார்த்துடுவோம்" என்றாள். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பீச் ரோட்டுக்குப் போனோம். காலையில் அங்கே வண்டி விட மாட்டார்கள். ஒரு துணிப்பையில் குண்டான் மூடி இரண்டு கொண்டுவந்திருந்தாள். என்னைக் காந்தி சிலைப் பக்கம் நிறுத்திவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளிப் போனாள். அங்கே நின்று மூடிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் 'பட்'டென்று அடித்தாள். நடைப்பயிற்சிக்கு வந்த கூட்டம் மொத்தமும் நின்றுவிட்டது. ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து, "என்னம்மா, ஏதாவது போராட்டமா?" என்று கேட்டார்.

"இல்லங்க, எங்க வீட்டுக்காரருக்குக் காது பார்க்கிறோம்" என்றாள்.

எனக்கு மூடிகள் மோதுவதும் சத்தமும் ஒன்றாகத்தான் வந்தன. இன்னும் தள்ளிப் போ என்று கையைக் காட்டினேன். போனாள். அடித்தாள். ஒன்றாகத்தான் வந்தது. இன்னும் தள்ளி. புடவைக் கலர் மட்டும் தெரிகிற தூரத்துக்குப் போன பிறகுதான் ஏதோ லேசாக விலகின மாதிரி இருந்தது. நூறு மீட்டரை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

"இப்ப நீ பாரு, நான் அடிக்கிறேன்" என்று இடம் மாறினோம். நான் அடித்தேன். திரும்பி வந்து, "எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணாத்தான் வந்துச்சு. அடிக்கும்போது சத்தம் வராம வேற எப்ப வரும்? அடுத்த வாரமா?"

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இவளுக்கும் அப்படித்தான் என்றால் எல்லாருக்கும் அப்படித்தானோ? சந்து என்பதே நான் கட்டிவிட்ட கதையோ? அந்த நினைப்பில் ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அதற்குள் பாட்டு கேட்கிற ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்தாள். காலேஜில் படிக்கிற வயசு. எங்கள் கூத்தை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இல்ல ஆன்ட்டி, அங்கிள் அடிச்சப்ப முதல்ல மூடி மோதுச்சு. அப்புறம்தான் சத்தம் வந்துச்சு. நல்லாவே தெரிஞ்சுது."

அந்தப் பெண்ணை அடிக்கலாம் போல இருந்தது. "நன்றிம்மா" என்றேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க மனைவிக்கு முன்னால் வேகமாக நடந்தேன். குண்டான் மூடி இரண்டும் பையில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விழுப்புரம், திருவண்ணாமலை பஸ்ஸில் வந்து இறங்கின கூட்டத்தோடு வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு அறையில் காதுக்குக் கருவி மாட்டி, 'கேட்டால் கையைத் தூக்குங்க' என்றார்கள். இன்னொரு நாள் வரச்சொல்லிக் கண்ணைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் பெண், என் மகளைவிடச் சின்னவள், பொறுமையாக உட்காரவைத்துப் பேசினாள்.

"காது வயசுக்கு நல்லாவே இருக்குங்க ஐயா. கண்ணும் நல்லா இருக்கு. கண்ணு பார்க்கிறதும் காது கேக்கிறதும் தனித்தனியாப் போய் மூளையிலதான் சேரும். வயசானா மூளை அதைக் கொஞ்சம் தாராளமா சேர்த்துக்கும். ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன வந்தாலும், சரி ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சுன்னு எடுத்துக்கும்."

"நோயா?"

"நோயெல்லாம் இல்லைங்க ஐயா. எல்லாருக்கும் வர்றதுதான். யாருக்கும் தெரியறதில்ல, அவ்வளவுதான். நீங்க செய்யற வேலையால உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"மருந்து?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் என்றால் மாத்திரை கொடுப்பார்கள். நோய் இல்லை என்றால் என்ன செய்வது? வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் மனைவி, "தாராளமா சேர்த்துக்குமாமே. உங்க மூளைக்காவது தாராளம் வந்துச்சே" என்றாள். "சும்மா இரு" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அவளிடம் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. வாட்சைப் பிடிக்க மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ரொம்ப மரியாதையாக நடந்துகொள்வார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், சிறப்பு விருந்தினருக்கும் பூங்கொத்துக்கும் நடுவில் உட்காரவைப்பார்கள். கையில் பாதாம் பால் பாட்டில் கொடுப்பார்கள். பொன்னாடை போர்த்தின ஆளை மறுபடி வெயிலில் நிற்கவிட்டு நான் எங்கேயும் பார்த்ததில்லை. இருக்கிற ஆளை மூடி வைக்கிற துணி அது. அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றால் அந்தக் குச்சிக் கால்காரி மறுபடியும் என் விரலுக்குக் கீழே வருவாள். இரண்டில் எதையும் என்னால் விழுங்க முடியவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். தேர்வை நடத்துகிறவள் என் பழைய மாணவி. உயரம் தாண்டினவள், இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். சுண்ணாம்பு வண்டியைத் தள்ளித் தடங்களுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். போனதும், "என்னா கோடு இது, பாம்பு ஊர்ந்த மாதிரி? நூல் கட்டிப் போடச் சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். சொல்ல வந்ததைச் சொல்லப் பயந்துதான் கத்தினேன். அவள் நூலைக் கட்டினாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

நூலைப் பிடித்தபடியே சொன்னேன். டி.வி.யிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குச் சந்து தெரியலம்மா. நாளைக்கு நான் வாட்ச் பிடிக்கக் கூடாது."

அவள் நிமிரவில்லை. "தெரியும் சார்" என்றாள்.

"என்னா தெரியும்?"

"உங்க வாட்ச்ல நேரம் எப்பவும் கம்மியா விழுது சார். ரெண்டு வருஷமா. மத்தவங்க வாட்சோட வெச்சுப் பார்த்தா தெரியுமில்ல."

நாலாவது தடத்துக்கு மட்டும் ஏன் மூன்று வாட்ச் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தேர்வில் ஆள் பற்றாக்குறை. ஒரு தடத்துக்கு ஒரு வாட்ச்தான். ரெண்டு வருஷமாக நான் நிற்கிற தடத்தில் மட்டும் எனக்கு இந்தப் பக்கம் ஒரு இளசு, அந்தப் பக்கம் ஒரு இளசு என்று நிறுத்தியிருந்தாள். மூன்று வாட்ச் இருந்தால் நடுவில் வருகிற நேரத்தைத்தான் எடுப்பார்கள். அது விதி. விதி தெரிந்தும், இளசுகள் என்னிடம் கற்றுக்கொள்ள நிற்கிறார்கள், எழுதுவது என் நேரத்தைத்தான், இது நான் நிற்கிற தடம் என்பதால் கொடுத்த கௌரவம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன். என் நேரம் எப்போதும் கீழே கிடந்திருக்கிறது. ஒரு தடவைகூட எடுத்துக்கொள்ளப்படவில்லை.

"தெரிஞ்சா ஏன் சொல்லல? என்னை என்னா பொம்மையா நிறுத்தி வெச்சிருந்தியா? எல்லாருக்கும் தெரியுமா? சேர்ந்து சிரிச்சீங்களா?" மைதானமே திரும்பிப் பார்த்தது. நூலை விட்டெறிந்தேன்.

"எனக்கு மட்டும்தான் சார் தெரியும்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்படி சார் சொல்றது? சொல்லித்தர்றது நீங்க. உங்ககிட்ட போயி நான் தண்ணி கேன்கிட்ட நில்லுங்கன்னு சொல்ல முடியுமா?"

திரும்பி விறுவிறுவென்று நடந்தேன். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து ஒன்றை மட்டும் கேட்டேன். "போன வருஷம் ஒரு பொண்ணு அழுதாளே, ஷூவைக் கழுத்துல போட்டுக்கிட்டு. அவ?"

"அவ நிஜமாவே தோத்தா சார். அந்த ரெண்டு வாட்சும் சொன்னதுதான். உங்க விரலால அவளுக்கு ஒண்ணும் ஆகல."

வீட்டுக்கு வந்து தாம்தூம் என்று குதித்தேன். ரெண்டு வருஷம் என்னை வெயிலில் சும்மா நிறுத்திவைத்திருக்கிறாள், என் மானம் போச்சு, இனி அந்த மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கத்தினேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பொண்ணுக்கு உங்களால ஒண்ணும் ஆகலல்ல?" என்றாள்.

"ஆகல."

"அப்புறம் என்னா? மாதாவுக்கு ஒரு மெழுகுத்திரி ஏத்துறேன்."

"என் மானம் போச்சுன்றேன், நீ மெழுகுத்திரின்ற."

"மானத்துக்கும் சேர்த்து ஒண்ணு ஏத்துறேன். சாப்பிட வாங்க."

சாப்பிட்டேன். பொங்கலுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சோறு ருசியாக இறங்கியது. கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதற்கு அடியில் எங்கேயோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. ஒரு பிள்ளையையும் நான் கெடுக்கவில்லை. கெடுக்கவிடாமல் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. கை கழுவும்போது குண்டான் மூடிகள் திட்டில் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டினேன். தட்டும்போதே சத்தம் வந்தது. இங்கே, இந்தக் கைக்குப் பக்கத்தில், யாருக்குத்தான் சந்து இருக்கும்? பீச் ரோட்டில் பார்த்த அந்தச் சின்னப் பெண்ணுக்கும் இருக்காது. எனக்கு ஒன்று தோன்றியது. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனால், பந்தலுக்குக் கீழே மேசைமேல் ஒரு பொன்னாடைப் பொட்டலம் ஜிலுஜிலுவென்று இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைத் துணியால் துடைத்து வைத்திருந்தார்கள். என் மாணவி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகத்தில் ஒரு பயம். நான் மறுபடியும் கத்துவேன் என்று நினைத்திருப்பாள்.

கழுத்திலிருந்த வாட்சைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். "கிளாப்பரை எடு" என்றேன்.

"சார்?"

"நான் ஸ்டார்ட் பண்றேன். அங்க நின்னா பார்க்கிறதும் கேக்கிறதும் எல்லாருக்கும் ஒண்ணுதான். தொண்டை இருக்கு, கை இருக்கு. சத்தத்துக்கு முன்னாடியே எழுந்து ஓடற கால் எனக்கு இன்னும் தெரியும். அதுல எந்த வாட்சும் எனக்குக் காவல் நிக்க வேணாம். பொன்னாடையை அந்த சிறப்பு விருந்தினருக்கே ரெண்டாப் போர்த்து."

ஸ்டார்ட்டராகப் போட்டிருந்த இளம் வாத்தியாருக்கு ஏக சந்தோஷம். அவருக்கு முடிவுக்கோட்டில் நிற்கத்தான் ஆசையாம். புகை வரவில்லை என்று சொன்னாரே, அதே ஆள்தான். என் வாட்சை அவர் கழுத்தில் மாட்டினேன். "சந்து தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது சார்" என்றார். நம்பினேன்.

தொடக்கக் கோட்டுக்கு நடந்தேன். அந்தப் பக்கம் போய் நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. முதல் கூட்டத்துப் பெண்கள் வந்து தடங்களில் நின்றார்கள். குச்சிக் கால்காரி நாலாவது தடத்தில் நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. போன வருஷம் அதட்டினவன் ஆயிற்றே. "நல்லா ஓடு கண்ணு" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவளும் நம்பமுடியாமல் பார்த்தாள்.

அவர்கள் குனிந்தார்கள். விரல் நுனிகள் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால். நான் கிளாப்பரைத் தூக்கினேன். தோள்பட்டை வலித்தது. அதற்குள் மைக்கில் என் மாணவியின் குரல் கேட்டது.

"சார், கை சரியாத் தெரியல. இன்னும் மேல தூக்குங்க."

தூக்கினேன். வலி சுரீர் என்றது. தூரத்தில் முடிவுக்கோட்டில் எல்லாரும் வாட்சோடு வரிசையாக நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இளம் வாத்தியார் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றிருப்பார். ரெண்டு வருஷமாக நான் பார்த்தது யாருக்கும் தேவைப்படவில்லை. இப்போது அத்தனை பேருக்கும் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.

அடித்தேன். பலகையும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. பெண்கள் பாய்ந்து போனார்கள். தொடக்கத்தில் நின்றால் முதுகுகள்தான் தெரியும், யார் முன்னே யார் பின்னே என்று தெரியாது. பின்னல்கள் மட்டும் துள்ளிக்கொண்டு சின்னதாகிக்கொண்டே போயின. நான் கையை இறக்காமல் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும் வரவில்லை. நான்தான் தப்பாக அடித்துவிட்டேனோ, யாரும் பார்க்கவில்லையோ என்று முடிவுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக் கரகரத்தது.

"புகை தெரிஞ்சுது சார்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அடுத்த கூட்டம், வாங்க, வாங்க, என்னா ஆடி அசைஞ்சு வர்றீங்க?" என்று கத்தினேன்.